ஊர் சுற்றலாம் கேள்வி–பதில்: சுவரை விட்டு நகராத ஓவியங்கள்

சென்ற இதழில் போகிற போக்கில், ‘வெனிஸ் போகிறவர்கள் சான் மார்கோ சதுக்கத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு டோர்சோடூரோ பக்கம் பாலம் ஏறிவிடுங்கள்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்து குவிந்திருக்கும் கேள்விகளில் சில இங்கே.

கோவை வாசகர்: டோர்சோடூரோ என்பது தனி ஊரா? உலகமே சான் மார்கோவைப் பார்க்கப் போகும்போது நீங்கள் ஏன் எங்களை வேறு பக்கம் தள்ளுகிறீர்கள்?

தனி ஊர் இல்லை, வெனிஸின் ஆறு பேட்டைகளில் ஒன்று. வடக்கே பெரிய கால்வாய், தெற்கே அதைவிட அகலமான ஜூடெக்கா கால்வாய், இரண்டுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கிறது. கிழக்கு முனையில் பழைய சுங்கச்சாவடி. மேற்குக் கோடி ஒரு காலத்தில் மீனவர்கள் வாழ்ந்த பகுதி. நடுவில் பல்கலைக்கழக மாணவர்கள், காய்கறி விற்கும் படகு, மாடியில் துணி காயும் வீடுகள். சான் மார்கோவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலையில் எட்டு மணிக்குப் போய் ஆசை தீரப் பார்த்துவிட்டு, கூட்டம் ஏறுவதற்குள் அக்கடேமியா மரப்பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடுங்கள் என்கிறேன்.

காரணம் ஒன்றுதான். உலகத்தின் பெரிய மியூசியங்களில் நாம் பார்க்கும் பழைய ஓவியங்களில் பெரும்பாலானவை எங்கேயோ இருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்டவை. வெரோனேசே வரைந்த, பைபிளில் வரும் கானா ஊர்க் கல்யாணப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன், வெனிஸில் ஒரு மடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் இருந்ததை 1797-ல் நெப்போலியன் படை எடுத்துக்கொண்டு போய்விட்டது, இன்றைக்கும் பாரிஸ் லூவரில் மோனாலிசாவுக்கு எதிரே மாட்டியிருக்கிறது, அத்தனை பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மோனாலிசாவைப் படம் எடுக்கிறார்கள். டோர்சோடூரோவில் நிலைமை வேறு. எந்தச் சுவருக்காக, எந்தக் கூரைக்காக வரைந்தார்களோ அங்கேயே இருக்கும் ஓவியங்கள் நடக்கிற தூரத்தில் வரிசையாக உண்டு. அந்தச் சுகம் வேறு எங்கேயும் இவ்வளவு தாராளமாகக் கிடைக்காது.

திருச்சி வாசகி: கையில் இருப்பது ஒரே நாள். பழைய ஓவியங்கள் உள்ள அக்கடேமியா மியூசியமா, நவீன ஓவியங்கள் உள்ள பெகி குகன்ஹைம் மியூசியமா? என் கணவர் குகன்ஹைம் என்கிறார், நான் முடிவு செய்யவில்லை.

கணவர் கோபித்துக்கொள்ளட்டும், அக்கடேமியாதான். அதிலும் எல்லா அறைகளையும் ஓடி ஓடிப் பார்க்க வேண்டாம். இரண்டு படங்களுக்கு முன்னால் உட்காருங்கள், போதும்.

முதலாவது, வெனிஸின் பெரிய ஓவியர் டிஷியன் வரைந்த ‘மாதாவைக் கோயிலில் ஒப்புக்கொடுத்தல்’. 1534-லிருந்து 1538 வரை வேலை நடந்தது. மியூசியம் இருக்கும் கட்டடம் முன்னாளில் ஒரு தர்ம சபையின் மண்டபம், அந்தச் சபையார் கூடும் அறைக்காகவே இந்தப் படத்தை வரையச் சொன்னார்கள். படம் இன்னும் அதே அறையில், அதே சுவரில். கிட்டத்தட்ட எட்டு மீட்டர் அகலம். நீல உடுப்பில் ஒரு சின்னப் பெண், தன்னந்தனியாகப் பெரிய படிக்கட்டில் ஏறிப் போகிறாள், உடம்பைச் சுற்றிப் பொன்னிற ஒளி, மேலே குருமார்கள் காத்திருக்கிறார்கள், கீழே ஊரே வேடிக்கை பார்க்கிறது. எனக்குப் பிடித்தவள் ஆனால் அந்தப் பெண் இல்லை. படிக்கட்டின் அடியில் தலையில் வெள்ளைத் துணி போட்டுக்கொண்டு, முட்டைக் கூடையை வைத்துக்கொண்டு, மேலே நடக்கும் அதிசயத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் கிழவி. அவளுக்கு அன்றைக்கு முட்டை விற்றாக வேண்டும், அவ்வளவுதான். படத்தின் கீழ்ப்பகுதியில் இரண்டு கதவுகள் இருப்பதையும் பாருங்கள். ஒன்று முதலிலேயே இருந்தது, டிஷியன் அதை அனுசரித்து வரைந்தார். இன்னொன்றைப் பிற்பாடு யாரோ வசதிக்காகப் படத்தையே வெட்டி வைத்தார்கள், அங்கே நின்ற கனவான்களின் கால்கள் போயே போச்சு.

இரண்டாவது வெரோனேசே. மேலே சொன்ன அதே ஆள். 1573-ல் ஒரு மடத்துக்காக ‘கடைசி இராப்போஜனம்’ வரைந்து கொடுத்தார், பன்னிரண்டு மீட்டருக்கு மேல் அகலம். ஏசுவும் சீடர்களும் நடுவில் இருக்கிறார்கள், சரி, ஆனால் சுற்றிலும் கோமாளி, நாய், கிளி, குள்ளர்கள், ஆயுதம் பிடித்த ஜெர்மன் சிப்பாய்கள், மூக்கில் ரத்தம் வடியும் வேலைக்காரன் என்று ஒரு திருவிழாக் கூட்டம். மத விசாரணை மன்றம் அவரைக் கூப்பிட்டு, இவர்களுக்கெல்லாம் இங்கே என்ன வேலை என்று கேட்டது. கவிஞர்களும் பைத்தியக்காரர்களும் எடுத்துக்கொள்ளும் உரிமையை ஓவியர்களும் எடுத்துக்கொள்கிறோம் என்று பதில் சொன்னார் மனிதர். படத்தைத் திருத்து என்று தீர்ப்பு வந்தது. அவர் செய்த முக்கியமான திருத்தம், படத்தின் பெயரை ‘லேவியின் வீட்டில் விருந்து’ என்று மாற்றியது. கோமாளி அங்கேயே இருக்கிறான். இந்தப் படம் தன் மடத்திலிருந்து இங்கே மாறி வந்தது, நடுவில் இதையும் நெப்போலியன் படை பாரிஸுக்குக் கொண்டுபோனது, ஆனால் இது ஊர் திரும்பிவிட்டது.

கணவரிடம் சொல்லுங்கள், அக்கடேமியாவிலிருந்து குகன்ஹைம் சில நிமிட நடைதான். சாயங்காலத்துக்குள் கால் வலிக்கவில்லை என்றால் அதையும் பார்த்துவிடலாம். செவ்வாய்க்கிழமை குகன்ஹைமுக்கு விடுமுறை, அதை மட்டும் கவனியுங்கள். அக்கடேமியா அரசாங்க மியூசியம், மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். அன்றைக்கு வரிசை நீளமாக இருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அதே வாசகியின் கணவர் (தனிக் கடிதம்!): நவீன ஓவியம் என்றால் எல்லோருக்கும் இளக்காரம். குகன்ஹைம் பற்றியும் நாலு வார்த்தை எழுதுங்கள்.

எழுதினால் போச்சு. பெகி குகன்ஹைம் அமெரிக்கப் பணக்கார வீட்டுப் பெண். அப்பா டைட்டானிக்கில் மூழ்கிப் போனவர். இரண்டாம் உலகப் போர் வாசலுக்கு வந்த நேரத்தில் மற்றவர்கள் பாரிஸை விட்டு ஓட வழி தேடிக்கொண்டிருக்க, இவர் தினம் ஒரு படம் வாங்குவது என்று வைத்துக்கொண்டு வாங்கிக் குவித்தார். அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கை ஆரம்பத்திலேயே தூக்கிவிட்டவரும் இவரே. 1949-ல் பெரிய கால்வாய்க் கரையில் ஒரு அரண்மனை வாங்கினார். அரண்மனை என்பது பெயருக்குத்தான், 18-ஆம் நூற்றாண்டில் கட்ட ஆரம்பித்துத் தரைத்தளத்தோடு நின்றுபோன கட்டடம், இரு பக்கமும் உயர்ந்த மாளிகைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். 1979-ல் இறக்கும் வரை அங்கேதான் வாழ்ந்தார். அஸ்தி தோட்டத்து மூலையில், பக்கத்தில் அவர் வளர்த்த நாய்களின் கல்லறை, அத்தனை நாய்களின் பெயரும் கல்லில் வெட்டியிருக்கும்.

அந்த வகையில் பார்த்தால் இதுவும் இடம் மாறாத சேகரிப்புத்தான், அவர் சாப்பிட்ட அறையில் பிக்காசோ, தூங்கிய அறையில் சிற்பி கால்டர் செய்த வெள்ளிக் கட்டில்தலை. கால்வாயைப் பார்த்த திறந்த முற்றத்தில் மரினோ மரினியின் குதிரைவீரன் சிலை இருக்கிறது. வீரன் ரொம்ப உற்சாகமாக இருப்பான், பிள்ளைகளோடு போகிறவர்கள் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். படகில் போகும் பேராயரிடம் ஆசி வாங்கக் கன்னியாஸ்திரீகள் வரும் நாள்களில் அந்தப் பாகத்தைத் திருகிக் கழற்றி வைத்துவிடும்படி சிலை அமைந்திருந்தது என்று பெகியே எழுதியிருக்கிறார்.

மதுரை மாணவர்: டாவின்சியின் வட்டத்துக்குள் கை கால் விரித்த மனிதன் அக்கடேமியாவில்தானே இருக்கிறான்?

இருக்கிறான், ஆனால் தரிசனம் கிடையாது. வெளிச்சம் பட்டால் காகிதமும் மையும் வீணாகும் என்பதால் இருட்டறையில் வைத்திருக்கிறார்கள், எப்போதாவது ஒரு கண்காட்சிக்கு வெளியே எடுத்தால் உண்டு. டிக்கெட் வாங்கிய சில்லறையைத் திருப்பிப் பாருங்கள், இத்தாலியின் 1 யூரோ நாணயத்தில் அவன்தான்.

நாகப்பட்டினம் வாசகி: வெனிஸில் ஓர் ஆரோக்கிய மாதா ஆலயம் இருப்பதாக எங்கள் பங்கில் சொன்னார்கள். வேளாங்கண்ணி போல நேர்ச்சைக்குப் போகிற இடமா?

நேர்ச்சையில் பிறந்த இடம் என்றே சொல்லலாம். 1630-ல் வெனிஸைக் கொள்ளைநோய் பிடித்தது, அடுத்த ஆண்டு ஓய்வதற்குள் ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரைக் கொண்டுபோனது. நோய் நீங்கினால் மாதாவுக்குப் பெரிய ஆலயம் கட்டுகிறோம் என்று ஆட்சிமன்றமே வேண்டிக்கொண்டது. 1631-ல் கல் நட்டார்கள். பல்தஸாரே லொங்கேனா என்ற கட்டடக் கலைஞருக்கு அப்போது முப்பது வயதைத் தாண்டிக் கொஞ்சம்தான், மீதி ஆயுளெல்லாம் இதிலேயே போயிற்று. 1687-ல் அபிஷேகம் நடந்தபோது அவர் உயிரோடு இல்லை. பெரிய கால்வாயின் வாயில், எட்டுப் பக்கமும் பெரிய குவிமாடமுமாக, வெனிஸ் போஸ்ட்கார்டு எதை எடுத்தாலும் பின்னால் தெரிகிறதே, அதுதான் சான்டா மரியா டெல்லா சலூத்தே.

உள்ளே போனதும் நேரே பிரதான பீடத்துக்குப் போங்கள். மேலே பளிங்கில் ஒரு நாடகம் நடக்கும். நடுவில் மாதா, கையில் குழந்தை. ஒரு பக்கம் நல்ல உடுப்பில் மண்டியிட்டிருக்கும் பெண், அதுதான் வெனிஸ் நகரம். மறுபக்கம் தோல் சுருங்கிய ஒரு கிழவி, கைகளை விரித்துக்கொண்டு விழுந்தடித்து ஓடுகிறாள், ஒரு குட்டி தேவதூதன் தீப்பந்தத்தால் அவளை விரட்டுகிறான். கொள்ளைநோய்தான் அந்தக் கிழவி. அம்மை கண்ட ஊரில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்தச் சிற்பத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நவம்பர் 21 திருவிழா. அன்றைக்குப் பெரிய கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போடுவார்கள், ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக நடந்து வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், வெளியே பலகாரக் கடைகளும் பலூனும். உப்பிட்டுக் காயவைத்த ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் போட்ட ‘கஸ்த்ரதீனா’ என்ற சூப் அந்த நாளுக்கே உரிய சாப்பாடு. சுற்றுலாப் பயணிகளைவிட உள்ளூர்க்காரர்கள் அதிகமாகத் தெரியும் நாள் இது, முடிந்தால் அப்போது போங்கள். ஆலயத்துக்குக் கட்டணம் இல்லை. பக்கத்திலுள்ள பூஜைப் பொருள் அறைக்குத் தனி டிக்கெட், தயங்காமல் வாங்குங்கள், டிஷியனின் கூரைப் படங்களும் டின்டொரெட்டோவின் கானா ஊர்க் கல்யாணமும் அங்கே.

சேலம் வாசகர்: அம்மாவுக்கு மூட்டுவலி. வெனிஸ் முழுக்கப் பாலமும் படியும் என்கிறார்களே, கூட்டிப் போகலாமா?

கூட்டிப் போகலாம், ஆனால் வீடு பிடிக்கும் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். வெனிஸில் கார் இல்லை, ஆட்டோ இல்லை, நானூற்றுச் சொச்சம் பாலங்கள் உண்டு, பெரும்பாலானவை படி வைத்தவை. தீவுக்கு வெளியே, நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரே பக்கம் அறை மலிவு என்று எடுத்துவிட்டு தினமும் ரயில், பஸ், படகு என்று அம்மாவை ஏற்றி இறக்கினால் அவர் மூன்றாம் நாள் ஊருக்குப் போகலாம் என்பார்.

ஸாட்டரே கரையில் தங்குங்கள். ஜூடெக்கா கால்வாயை ஒட்டிய நீளமான சமதளப் பாதை, வெயில் நன்றாக விழும். முன்பெல்லாம் பத்து மாடி உயரச் சொகுசுக் கப்பல்கள் இந்தக் கால்வாய் வழியே வீடுகளை உரசுவதுபோல் போகும், 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்களுக்குத் தடை, இப்போது அடிவானம் தெரிகிறது. இடையில் வரும் சில பாலங்களில், அக்டோபர் மாரத்தானுக்காகப் போடும் மரச்சரிவுகளை மாதக்கணக்கில் விட்டுவைப்பார்கள். அந்தப் பருவத்தில் போனால் அம்மாவுக்குச் சௌகரியம். வாப்பரெட்டோ என்னும் படகுப் பேருந்துக்கு ஒற்றைப் பயணம் 9.50 யூரோ, அதனால் நாள் கணக்கு பாஸ் வாங்குவதே புத்தி. ஏறுமுன் மெஷினில் காட்டிப் பதிவு செய்ய மறந்தால் அபராதம்.

இன்னொன்று. முகவரியில் ‘டோர்சோடூரோ’ என்ற பேட்டைப் பெயரும் ஓர் எண்ணும் மட்டும் இருக்கும், பேட்டை முழுவதற்கும் ஒரே எண்வரிசை ஓடுகிறது, தெருப்பெயரே இல்லாமல் போனால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டமாதிரிதான். வீட்டுக்காரரிடம் பக்கத்திலுள்ள படகுத்துறையின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூர் வாசகி: நாங்கள் சுத்த சைவம். பிரெட்டும் ஜாமும்தானா?

அவ்வளவு மோசமில்லை. மதுக்கடை போலத் தெரியும் ‘பாக்காரோ’க்களில் ‘சிக்கெட்டி’ என்ற சின்னச் சின்னத் தீனிகள் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருக்கும், ரொட்டித்துண்டின் மேல் சீஸ், பரங்கிக்காய், கத்திரிக்காய், காளான் என்று விரலால் காட்டி வாங்கலாம். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் வழி இன்னும் திறந்துவிடும். ‘சென்சா கார்னே, சென்சா பெஷே’ என்று கேளுங்கள், கறி வேண்டாம், மீன் வேண்டாம் என்று அர்த்தம்.

இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். வெனிஸில் ஆபத்து கறியால் இல்லை, மீனால். ‘பிகோலி இன் சால்சா’ என்று ஒரு பாஸ்தா, பார்த்தால் வெங்காயம் வதக்கிப் போட்டமாதிரி சாதுவாக இருக்கும், அந்த வெங்காயத்தோடு நெத்திலி கரைந்திருக்கும். சீஸிலும் பர்மிஜானோ போன்றவற்றைக் கன்றுக்குட்டியின் இரைப்பை நொதி விட்டுத்தான் உறைய வைப்பார்கள், கறாராக இருப்பவர்கள் தவிர்க்கவும். ஆரஞ்சு நிறத்தில் எல்லோரும் குடிக்கும் ‘ஸ்பிரிட்ஸ்’ பழரசம் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஸாட்டரேயில் ‘ஜந்துயோத்தோ’ கேளுங்கள். ஹேசல்நட்டும் சாக்லேட்டும் கலந்த ஐஸ்கிரீம் கட்டி, அடித்த க்ரீமுக்குள் முக்கித் தருவார்கள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு வேண்டாம்.

பெங்களூரு வாசகர்: கோண்டோலா ஏறாமல் திரும்பினால் மனைவி விடமாட்டாள். எவ்வளவு ஆகும்?

நகராட்சி விதித்த கட்டணம் பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, இரவில் 110. ஆளுக்கு இல்லை, படகுக்கு. ஐந்து பேர் வரை ஏறலாம், சேர்ந்து போகிறவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். மனைவி ஏறித்தான் தீருவேன் என்றால் ஏறிவிடுங்கள், இதில் நான் தலையிடவில்லை.

இல்லை, கோண்டோலாவில் நின்றோம் என்று சொன்னால் போதும் என்பவர்களுக்கு ‘த்ரகெத்தோ’ இருக்கிறது. பெரிய கால்வாயை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கடக்கும் அகலமான கோண்டோலா, இரண்டு யூரோ. சலூத்தே ஆலயத்துக்குப் பக்கத்திலும் ஒன்று உண்டு, பகலில் மட்டும், அதுவும் அவர்கள் இஷ்டப்படி.

ஏறுவதைவிட எனக்குப் பிடித்தது அது உருவாகும் இடம். சான் த்ரொவாஸோ ஆலயத்தை ஒட்டி ‘ஸ்குவேரோ’ எனப்படும் படகுப் பட்டறை இருக்கிறது, 17-ஆம் நூற்றாண்டிலிருந்து. மர பால்கனியும் சரிந்த கூரையுமாக மலைவீடு போல இருக்கும், மரமும் தச்சர்களும் வடக்கே மலைப்பகுதியிலிருந்து வந்ததன் அடையாளம். எதிர்க்கரையில் நின்று பார்த்தால் கவிழ்த்துப் போட்ட கோண்டோலாக்களின் அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். உற்றுப் பாருங்கள், கோண்டோலா நேராக இருக்காது. இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட அகலம். ஒரே ஆள் பின்னால் நின்று வலப்பக்கமே துடுப்புப் போடுகிறான், இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் படகு வட்டமடிக்கும், அதற்காகவே வேண்டுமென்று கோணலாகக் கட்டுகிறார்கள். எட்டு வகை மரம் போகிறது ஒரு படகுக்கு.

புதுச்சேரி வாசகி: கூட்டமே இல்லாத ஓர் இடம் சொல்லுங்கள். ஒன்று போதும்.

சான் செபஸ்தியானோ. ஸாட்டரேயின் மேற்குக் கோடியிலிருந்து உள்ளே கொஞ்சம் நடக்க வேண்டும், வெளியே பார்த்தால் சாதாரணமான சர்ச், சில யூரோ டிக்கெட். 1555 வாக்கில் உள்ளே நுழைந்த வெரோனேசே, விட்டு விட்டு ஏறக்குறைய பதினைந்து வருஷம் அங்கே வரைந்துகொண்டிருந்தார். கூரையில் எஸ்தர் ராணி கதை, சுவரில், பீடத்தில், ஆர்கன் கதவுகளில் எல்லாம் அவர் கை. 1588-ல் செத்ததும் அங்கேயே புதைத்தார்கள். லூவரிலும் அக்கடேமியாவிலும் பார்த்த ஆள் இங்கேதான் குடியிருக்கிறார்.

ஒன்று போதும் என்றீர்கள், மன்னிக்கவும், இன்னொன்று: சான் பந்தலோன். முகப்பு முடிக்கப்படாத வெறும் செங்கல். உள்ளே போய் அண்ணாந்தால் கூரை பிளந்து வானத்துக்குள் மனிதர்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள். ஜான் அந்தோனியோ ஃபுமியானி 1680-லிருந்து 1704 வரை வரைந்தது. சுண்ணாம்பின் மேல் தீட்டியதுபோல் தெரியும், ஆனால் முழுக்கக் கித்தான், நாற்பது துண்டுகளைச் சேர்த்துக் கூரையில் பொருத்தியிருக்கிறார்கள். இந்தமாதிரி சர்ச்சுகள் பலவற்றில் நாணயம் போட்டால்தான் விளக்கு எரியும். சில்லறையைக் காபிக்கடையில் தீர்த்துவிடாதீர்கள்.

அம்பத்தூர் வாசகர்: ஊருக்குள் நுழையவே காசு கேட்கிறார்களாமே, அநியாயம் இல்லையா?

2024-ல் ஆரம்பித்தார்கள். வருஷம் முழுக்க இல்லை, கூட்டம் அதிகமுள்ள குறிப்பிட்ட நாள்களில் மட்டும், காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களுக்கு 5 யூரோ, கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10. ஊருக்குள் தங்குகிறவர்களுக்குக் கிடையாது, ஆனால் தங்குகிறோம் என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். தேதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும், நகராட்சித் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அநியாயமா என்றால், தீவில் வீடு வைத்து வாழ்கிறவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் கீழே போய்விட்டார்கள், வீடெல்லாம் விடுதியாகிறது. அவர்கள் பக்கம் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் ஐந்து யூரோவால் ஒருத்தராவது வராமல் நின்றிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

தஞ்சாவூர் வாசகர்: ராத்திரி எட்டு மணிக்கு மேல் என்ன செய்வது?

காம்போ சான்டா மார்கரீட்டா. மாணவர்கள் கூடும் பெரிய திடல், மலிவான கடைகள், சத்தம். பக்கத்திலேயே அறை எடுத்திருந்தால் தூக்கம் போகும். அப்படியே சான் பர்னபா பக்கம் நடந்தால் ‘முஷ்டிப் பாலம்’ வரும், மேலே நான்கு வெள்ளைப் பாதங்கள் கல்லில் பதித்திருக்கும். கிழக்குப் பேட்டைக்காரர்களும் மேற்குக் கோடி மீனவர்களும் அதில் கால் வைத்து நின்று குத்துச்சண்டையைத் தொடங்குவார்கள், அந்தக் காலத்தில் பாலத்துக்குக் கைப்பிடிச்சுவர் கிடையாது, தோற்றவன் கால்வாய்க்குள். 1705-ல் தடை போட்டார்கள். இப்போது சுவர் இருக்கிறது, தைரியமாகப் பாதத்தில் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம்.